தண்டாயுதபாணியின் இடது கால்

என் கணவரின் பெயர் தண்டாயுதபாணி. எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. வாயால் சொல்லத்தான் இந்த அறுபது வயதிலும் வரவில்லை. மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்துப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் டீச்சராக இருந்தேன். ஒரு வருடம் அதே பெயரில் ஒரு பையன் மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். வருடம் முழுக்க அவனைப் ‘பாணி, பாணி’ என்றே கூப்பிட்டு ஒப்பேற்றினேன். வீட்டுக்காரர் அதைக் கேள்விப்பட்டு, பச்சைப் பிள்ளையின் பெயரில் பாதியைத் தின்றுவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவர் இருபத்தேழு வருடம் ரிக் ஓட்டினார். ஆழ்துளைக் கிணறு போடும் எந்திரத்தை முதுகில் சுமந்துகொண்டு போகுமே, அந்த லாரி. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் ராய்ப்பூர், நாக்பூர், இந்தூர் என்று எட்டு மாதம் வடக்கே கிடப்பார். அங்கே மழை தொடங்கினால் வேலை நிற்கும், ஊருக்கு வருவார். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் மறுபடியும் கிளம்பிவிடுவார். எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம் என்று யாராவது கேட்டால் நான் மூன்றில் ஒரு பங்குதான் சொல்ல வேண்டும்.

ரிக் அவருக்குக் கொடுத்தவை மூன்று. ஒன்று இந்தி. இரண்டு, கம்ப்ரசர் சத்தத்தில் மந்தமாகிப்போன வலது காது. மூன்று, தேய்ந்துபோன இடது முட்டி. அவ்வளவு பெரிய வண்டியின் கிளட்சை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை மிதித்த கால் அது. வேலையை விட்டு வந்ததும் ஒரு பழைய காரை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தேரடியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் முகம் சுண்டிப்போன மாதிரி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், பேசச் சொன்னால் பேசவில்லை.

அதனால்தான் போன கார்த்திகையில் எங்கள் மகன் யோகேஷ் அந்த வெள்ளைக் காரை வாங்கி அனுப்பினான். அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். வண்டி பழையது, ஆனால் ஆட்டோமேட்டிக். கிளட்சே கிடையாது, கியரை வண்டியே பார்த்து மாற்றிக்கொள்ளும். இவர் சந்தேகமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கியரை அதுவே போட்டுக்கொள்ளும் என்றால் டிரைவர் எதற்கு, பூ வைப்பதற்கா என்று கேட்டார்.

முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. மல்லசமுத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரில் வேகத்தைக் குறைக்கும்போது, இருபத்தேழு வருடப் பழக்கத்தில் இடது கால் தானாக எழுந்து கிளட்சைத் தேடியது. அங்கே இருந்தது அகலமான பிரேக். கிளட்சை மிதிக்கிற அழுத்தத்தில் அதை ஒரு மிதி மிதித்தார். மடியில் வைத்திருந்த ஐந்து கிலோ தக்காளியோடு நான் கண்ணாடிக்குப் போய் வந்தேன். பெல்ட் போட்டிருந்ததால் நான் பிழைத்தேன், தக்காளி பிழைக்கவில்லை. அன்றிலிருந்து ஓட்டும்போதெல்லாம் இடது காலைப் பின்னால் இழுத்து சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். ஒரே மாதத்தில் பழகிவிட்டது. அதன் பிறகு பத்து மாதம், நான் டம்ளரில் டீயை வைத்துக் குடித்துக்கொண்டே போகலாம், அப்படி ஓட்டினார். எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கிறது. பஸ்ஸில் போனால் இரண்டு நாள் படுக்க வேண்டும். அவர் ஓட்டும் வண்டியில் கழுத்துப் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போவேன்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

ரிக்காரர்களுக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எந்திரத்துக்கு ஓய்வு. அன்றைக்கு யாரும் மறந்துகூட இஞ்சினை எழுப்பிவிடக் கூடாது என்று இவருடைய செட்டில் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிடுவார்கள். பேட்டரிக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. மறுநாள் ஒயரை மாட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்புவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இந்த வண்டிக்கு இது முதல் ஆயுத பூஜை. இவர் காலையிலேயே பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் முறைப்படி ஒயரைக் கழற்றினார். வாழைக் கன்று, பொரிகடலை, பூசணிக்காய் எல்லாம் ஒரு ரிக்குக்குச் செய்கிற அளவுக்குச் செய்தார். அந்தச் சின்னக் காருக்கு அத்தனை பூ தாங்கவில்லை.

விஜயதசமியன்று சேலத்தில் என் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். தெருவைத் தாண்டுவதற்குள் வண்டி ஒரு உதை உதைத்தது. அடுத்த கியருக்கு மாறும்போது இன்னொன்று. ஆட்டையாம்பட்டியில் ஒரு டிராக்டர் குறுக்கே வர, மெதுவாக்கினார். நிற்பதற்கு முன் அடியிலிருந்து ‘டொம்’ என்று இடித்தது. என் கழுத்தில் மின்னல் வெட்டியது. நான் கத்திவிட்டேன். அவர் பயந்து பிரேக்கை அழுத்தினார், இன்னொரு இடி. அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம்.

அன்று சாயங்காலம் நான் செய்த காரியத்தை மறைக்க விரும்பவில்லை. கழுத்து வலியும் கோபமுமாக யோகேஷுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்குப் பழைய கால் பழக்கம் திரும்பிவிட்டது, கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை மிதிக்கிறார், வயதாகிவிட்டது, எனக்குப் பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கிறது என்று கொட்டித் தீர்த்தேன். அவர் இடது காலை நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. தக்காளி நாளை நினைத்துக்கொண்டு நானே முடிவு கட்டிவிட்டேன்.

மகன் பேச்சை வளர்க்கவில்லை. தீபாவளிக்கு வரும்போது வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு போய் பெங்களூரில் விற்றுவிடுவதாகவும், வெளியே போக வேண்டுமென்றால் டிரைவரோடு வாடகை வண்டி சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னான். தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அப்பாவிடமும் அவனே பேசினான். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ‘சரி சாமி, சரி சாமி’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

சரி என்றாரே தவிர மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். எங்கள் வீட்டில் வண்டிக்கு ஜுரம் என்றால் அவருக்கும் ஜுரம். முதலில் இஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்டிங்கைப் பார்த்தார். அது கிழிந்திருந்தால் இஞ்சின் ஆடி, கியர் விழும்போது இடிக்குமாம். கடப்பாரையை வைத்து நெம்பிப் பார்த்தார், ரப்பர் கல்லாக இருந்தது. அடுத்தது கியர் ஆயில். திருச்செங்கோட்டில் ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கி வைத்து அளவு பார்த்தார். சரியாக இருந்தது. ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டு மோந்தார். தீய்ந்த வாசனை இல்லை, நிறமும் கறுக்கவில்லை. அந்தத் துணி என் புது உள்பாவாடையின் ஓரம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பட்டறைக்காரர், கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று ஆசையாகச் சொன்னாராம். நோவு தெரியாமல் வயிற்றைக் கிழிக்கக் கூடாது என்று இவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கைவைத்தியமும் நடந்தது. காட்டில் எந்திரம் மக்கர் பண்ணினால் ரிக்காரர்கள் முதலில் செய்வது பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாட்டுவது. கடைசி வருடங்களில் கம்ப்யூட்டர் வைத்த ரிக் வந்தபோதும் அதுதான் வைத்தியம், பாதிக்குப் பாதி பலிக்கும் என்பார். அதே நம்பிக்கையில் தினமும் சாயங்காலம் ஸ்பேனரோடு போய் ஒயரைக் கழற்றுவார். ராத்திரி முழுக்க வண்டி ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டு, காலையில் பல் தேய்த்த கையோடு மாட்டுவார். மாட்டிக்கொண்டு வையப்பமலை ரோட்டில் தனியாக ஒரு சுற்று போய் வருவார். வாசலில் நிற்கும் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். கேட்க வேண்டிய தேவையே இருக்காது.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, சுற்றப் போனவர் வெகு நேரமாகியும் திரும்பவில்லை. நான் நடந்தே தேடிக்கொண்டு போனேன். ஏரிக்கரைப் புளியமரத்துக்கு அடியில் வண்டி நின்றுகொண்டிருந்தது. இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தேன். இடது கணுக்காலைத் தோள் துண்டால் சீட்டின் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். இரண்டு முடிச்சு, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற முடிச்சு. கால் சிவந்து வீங்கியிருந்தது.

இது என்ன கோலம் என்று கேட்டேன்.

“என்ற காலு எனக்கே தெரியாம எந்திரிச்சுப் போயி மிதிக்குதான்னு பாக்கலாமுன்னு கட்டுனேன்” என்றார். “கட்டிப்போட்டும் இடிக்குது. அப்ப வலது காலும் போயிருச்சாட்ட இருக்குது. யோகேஷு சொல்றது சரிதான். வண்டியக் குடுத்துரலாம்.”

கால் கட்டப்பட்டிருக்கிறது, அப்படியும் வண்டி இடிக்கிறது என்றால் குற்றம் வண்டியில் என்றுதான் எந்த மடையனும் சொல்வான். இந்த மனிதர் இன்னொரு காலையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். எனக்கு வந்த கோபத்தில் முடிச்சை அவிழ்க்க வரவில்லை. அவர் மேல் வந்த கோபம் இல்லை அது. கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பல்லால் கடித்து அவிழ்த்தேன். அவிழ்த்துக்கொண்டே, யோகேஷிடம் கோள் சொன்னது நான்தான் என்றேன்.

“தெரியும். கேட்டுட்டுத்தான் இருந்தேன்.”

அவருக்கு வலது காது கேட்காது என்ற தைரியத்தில் பக்கத்து அறையில் நின்று பேசியிருந்தேன். ஆனால் முப்பத்தொரு வருடம் வகுப்பெடுத்த குரல் சுவரைத் தாண்டாமல் இருக்குமா? என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அவர் என்னைச் சமாதானப்படுத்தத் தெரியாமல் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார்.

அழுது முடித்ததும் பிரவீனாவுக்குப் போன் போட்டேன். பிரவீனா என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவள். அப்பா லாரி எலெக்ட்ரீசியன். இப்போது அவளே நாமக்கல்லில் பரமத்தி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறாள், லாரி கார் எதுவானாலும் ஸ்கேனர் போட்டு எலெக்ட்ரிகல் வேலை பார்க்கிறாள். படிக்கும்போது வாய்ப்பாடு வராது, ஆனால் வகுப்பறை மின்விசிறி நின்றுபோனால் எல்லோரும் அவளைத்தான் பார்ப்போம்.

மறுநாள் காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பினோம். கழுத்துப் பட்டையை இறுகக் கட்டிக்கொண்டேன். ஐம்பது கிலோமீட்டர் கூட இருக்காது, எத்தனை இடி என்று எண்ணினேன், நூறுக்கு மேல் விட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு வழியெல்லாம் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் காலைத்தான் பார்த்தேன். இடது கால் சீட்டுக்கு அடியில் மடங்கிய இடத்தைவிட்டு அசையவே இல்லை. வலது கால் பூவை மிதிக்கிற மாதிரி மிதித்தது. விஜயதசமி அன்றும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிரவீனா ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, கையிலிருந்த ஸ்கேனர் பலகையில் எதையோ பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு அவளே ஓட்டினாள், இரண்டு தெரு சுற்றி வந்தாள். மவுண்டிங் பார்த்தாயிற்றா, ஆயில் பார்த்தாயிற்றா என்று கேட்டாள். இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள், பட்டறையில் பார்க்க வேண்டியதை எல்லாம் அய்யாவே பார்த்துவிட்டார் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் நிமிர்ந்து நின்றார். அடுத்த கேள்வியில் மறுபடியும் குனிந்தார்.

“பேட்டரி ஒயரக் கழட்டுனீங்களாங்கய்யா?”

“கழட்டுவனே.”

“எப்பங்க?”

“தெனமும் தான்.”

பிரவீனா பலகையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது, நான்காம் வகுப்பிலும் அப்படித்தான் உதட்டைக் கடிப்பாள். பூஜைக்குக் கழற்றியதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

அவள் எங்கள் இரண்டு பேருக்கும் ஸ்டூல் போட்டுவிட்டு விளக்கினாள். “கியரு மாறுறப்ப கியர்பாக்ஸு உள்ளார ஒரு தட்ட உட்டுட்டு இன்னொரு தட்டப் புடிக்கோணும். எப்பப் புடிக்கறது, எவ்வளவு அழுத்தத்துல புடிச்சா அலுங்காதுன்னு இந்த வண்டிக் கம்ப்யூட்டரு ஓட்டறவரு காலப் பாத்துப் பாத்துத்தான் கத்துக்கும். பத்து மாசமா அய்யா காலப் பாத்துக் கத்து வெச்சிருந்துச்சு. எல்லா வண்டியும் இப்படி இல்லீங்க, இந்த வண்டி ஒயர உருவுனா அத்தனையும் மறந்துரும்.”

மறந்தால் மறுபடியும் கற்றுக்கொள்ளாதா என்று கேட்டேன்.

“கத்துக்குமுங்க டீச்சர். நாலஞ்சு நாளு அலுங்காம ஓட்டுனாப் போதும். ஆனா அய்யா சாயங்காலமானா ஒயர உருவிடறாரே. பாவம், அது தெனமும் பள்ளிக்கூடம் சேர்ந்த மொத நாளாட்டவே முழிக்குது.”

பூஜையன்று ஒரு நாள் கழற்றியதோடு விட்டிருந்தால் இரண்டு மூன்று நாளில் தானே சரியாகியிருக்கும். வண்டிக்கு நல்லது என்று நினைத்து அவர் செய்த வைத்தியமே அதற்கு நோவாகிவிட்டது. யாருக்காவது இப்படி நடந்திருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பேனர் பிடித்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரவீனா ஸ்கேனரில் செய்ய வேண்டியதைச் செய்தாள். பேட்டரி முனையில் காய்ந்து கிடந்த சந்தனத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தாள். பிறகு எப்படி ஓட்ட வேண்டும் என்று சொன்னாள். முதலில் மெதுவாக மிதித்து ஒவ்வொரு கியராக ஏற விட வேண்டும். நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாமல் தூரத்திலிருந்தே உருட்டி நிறுத்த வேண்டும். ஊருக்குள்ளும் ஓட்ட வேண்டும், பெரிய ரோட்டிலும் ஓட்ட வேண்டும். எப்போதும் ஓட்டுகிறவரே ஓட்டினால் நல்லது, அவர் காலுக்குத்தான் அது பழக வேண்டும் என்றாள்.

“அப்ப நான்தான் ஓட்டோணுமா?” என்று இவர் கேட்டார். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லக் கேட்ட நோயாளியின் குரல்.

“நீங்க இல்லாட்டி அது யார்கிட்டப் பழகுமுங்க?” என்றாள் பிரவீனா.

அன்றிலிருந்து ஐந்து நாள் நாங்கள் இரண்டு பேரும் ஊர் சுற்றினோம். தீபாவளிப் பலகாரத்துக்கு உளுந்துகூட ஊறப்போடவில்லை. முதல் நாள் திருச்செங்கோடு கடைவீதியில் நான்கு தடவை போய் வந்தோம். துணி எடுக்க வந்த கூட்டத்தில் வண்டி நின்று நின்று ஊர்ந்தது. ஒவ்வொரு இடிக்கும் அவர் என் கழுத்தைப் பார்ப்பார், நான் ரோட்டைப் பார்க்கச் சொல்வேன். இரண்டாம் நாள் சங்ககிரி வழியாக எடப்பாடி போனோம். மூன்றாம் நாள் குமாரபாளையம் போய், பாலத்தைத் தாண்டி பவானியில் மதியம் சாப்பிட்டோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை இப்படி எங்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை. நான் கேட்டதும் இல்லை.

மூன்றாம் நாள் திரும்பி வரும்போது ஒரு கியர் மாறியது தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடுத்தது லேசாக உதைத்தது. அதற்கடுத்தது மறுபடியும் தெரியவில்லை. ஒரு மைல் தூரம் அவர் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.

“நானும் அப்படித்தான இருந்தேன்” என்றார் திடீரென்று. எனக்குப் புரியவில்லை. “மழைக்கு வருவேன். ஊடு பழகி, நீ பழகி, பையன் பழகி வாரப்ப பூச முடிஞ்சு கெளம்பிருவேன். அடுத்த வருசம் வந்தா மறுபடியும் மொதல்ல இருந்து.”

அது உண்மைதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் வந்து இறங்கினால் முதல் ஒரு மாதம் எங்கள் வீட்டில் எல்லாமே இடிக்கும். உப்பு அதிகம் என்பார், நான் உர்ரென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். யோகேஷ் அவரைப் பார்த்ததும் என் பின்னால் ஒளிவான், இரண்டாம் மாதத்தில்தான் மடியில் ஏறுவான். நான்காம் மாதம் அப்பா இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்பான், அப்போது லாரி கிளம்பிவிடும். இதையெல்லாம் நான் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை, அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். இப்போதுதான் வீட்டில் இருக்கிறீர்களே என்று மட்டும் சொன்னேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் யோகேஷ் மத்தியானப் பஸ்ஸில் சேலம் வந்து இறங்குவதாகச் சொன்னான். நாங்கள் வண்டியில் வருகிறோம் என்றதும் வேண்டாம் என்றான். கியர்பாக்ஸ் கதையை முழுவதும் போனில் சொன்னேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை, அம்மா அப்பாவுக்காகப் பேசுகிறாள் என்று நினைத்திருப்பான். கடைசியில், “சரிங்கம்மா, வாங்க. நானே உக்காந்து பாக்கறேன். ஒரு இடி இருந்தாலும் தீவாளி முடிஞ்ச கையோட வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன். உங்க கழுத்த வெச்சு வெளையாட முடியாது” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், அப்புறம் சொல்லிவிட்டேன். ஒரு தடவை மறைத்துப் பட்டது போதும்.

அவர் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். சேலம் புது பஸ் நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய், வெளியே எடுக்கிற பக்கமாக முகம் வைத்து வண்டியை நிறுத்தினார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. பரீட்சைக்கு வந்த பிள்ளைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அறுபத்து மூன்று வயதில் மகனிடம் பரீட்சை எழுத வந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

யோகேஷ் வந்தான். முந்தின நாள் முழுக்க வேலை, கண் இரண்டும் சிவந்து கிடந்தது. பையைப் போட்டுவிட்டுப் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்தான். அங்கிருந்துதான் அப்பாவின் கால் தெரியும். அவன் எதற்காக அங்கே உட்கார்ந்தான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

தீபாவளிக் கூட்டத்தில் கொண்டலாம்பட்டி தாண்டுவதற்குள் இருபது தடவை நின்று கிளம்பியது வண்டி. நான் கழுத்துப் பட்டையைப் போடாமல் வந்திருந்தேன். பின்னால் யோகேஷ் முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். அரியானூரில் திரும்பும்போது அவன் தலை பின்னால் போனது. கோபமாகிவிட்டான் போல என்று நினைத்து நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு கியர் எனக்குத் தெரியாமல் இடித்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆட்டையாம்பட்டி வந்தது. முறுக்கு வாங்க வேண்டும், நிறுத்துங்கள் என்றேன். அவர் நிறுத்தவில்லை. பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் காட்டினார். யோகேஷ் சீட்டில் சரிந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தலை பையின் மேல் கிடந்தது. வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது, கியர் குறைந்து கூடியது, அவன் தலை அசையவில்லை.

மல்லசமுத்திரத்துக்குள் வந்து எங்கள் தெருவில் திரும்பினோம். வாசலில் கோலம் போட்டு வைத்துவிட்டு வந்திருந்தேன். வண்டி அதற்கு நேரே வந்து, நிற்காமல் மெதுவாகத் தாண்டிப் போனது. ஏனுங்க, ஊடு தாண்டிட்டீங்க என்றேன்.

“தூங்கட்டும் உடு” என்றார் தாழ்ந்த குரலில். “கொழந்தையா இருக்கறப்ப நான் ஒரு நாளும் அவனத் தூங்க வெச்சதில்ல.”

வையப்பமலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். அவன் விழிக்கவில்லை. மறுபடியும் ஒரு சுற்றுப் போனோம்.